சந்தியில் ஒரு கொழுந்துக் கூடை

கார் உற்பத்தியால் பெயர்பெற்ற நகரங்கள் தம் சாலைச் சுற்றுவட்டங்களில் பழைய கார்களையும் இயந்திரப் பாகங்களையும் காட்சிக்கு வைப்பதுண்டு. 'இவ்வூருக்குச் சோறு போட்டது இது' என்று வழிப்போக்கருக்குச் சொல்லும் நன்றிக் குறிப்பு அது.

நோட்டன் பிரிட்ஜைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்நினைவு வரும். இவ்வூர் நாட்டுக்குத் தந்தவை இரண்டு: தேயிலை, மின்சாரம். நீர்மின்சாரத்தின் பயனை 1918இலேயே எடுத்துரைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரை இங்குள்ள மின்நிலையம் தாங்கி நிற்கிறது. தகுந்த மரியாதைதான்.

நோட்டன் நீர்த்தேக்கத்து நீரால் இயங்கும் பழைய லக்சபான மின்நிலையம் தொடங்கியது 1950இல். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சுற்றுப்புறத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. மலையின் நீர் கொழும்புக்கு ஒளி தந்த பின்னரும் லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது.

திறப்பு விழாச் செய்திகள் பல எழுதியவன் நான். பெயர்க்கல்லில் அமைச்சரைக் கண்டிருக்கிறேன். மண் சுமந்தவரைக் கண்டதில்லை.

இவ்வூர்ச் சந்தியில் சின்னம் ஒன்று எழுமானால், கொழுந்துக் கூடையும் மின்குமிழும் அதில் அருகருகே இருக்கட்டும். பீடத்தில் பொறிக்க வேண்டிய பெயர்கள் தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்களில் இருக்கின்றன.