ஊர் வேண்டாம், 200 வீடு போதும்!

ஆபீஸ் போகிற ஆண்களுக்கு இருபத்தெட்டு வயதுக்கு மேல் ஒரு வியாதி வரும். திங்கட்கிழமை காலைகளில் லேசாக இருக்கும். இன்க்ரிமென்ட் லெட்டர் கைக்கு வந்த அன்று ஜன்னியே கண்டுவிடும். ‘சொந்தமா ஏதாவது பண்ணணும் சார்!’ என்று டீக்கடை வாசலில் நின்று பிதற்றுவார்கள். காளான் வளர்ப்பில் ஆரம்பித்து, பேப்பர் கப், பாக்குமட்டைத் தட்டு என்று ஒரு சுற்று வந்து, ஆறு மணி பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுவார்கள். மறுநாள் தானாகச் சரியாகிவிடும்.

எனக்குச் சரியாகவில்லை. பன்னிரண்டு வருடம் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் குப்பை கொட்டிவிட்டு, 2018 ஜூனில் குரோம்பேட்டையில் ஒரு காபித்தூள் கடை திறந்தேன். இன்றைக்கும் நடக்கிறது. வாரத்துக்கு இரண்டு இளைஞர்களாவது அரைக் கிலோ வாங்கிவிட்டு நகராமல் நிற்கிறார்கள். “அண்ணே, நானும் ஏதாவது ஆரம்பிக்கலாம்னு...” என்று இழுப்பார்கள். பின்னால் க்யூ நிற்கிறது. அவர்களுக்குச் சொல்வதையெல்லாம் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

கடை போடப் போகிறேன் என்று வாய் திறந்ததும் ஆலோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள். எனக்கு வந்தவர்களில் ஒருவர்கூட ஒரு பெட்டிக்கடை வைத்தவர் கிடையாது. சித்தப்பா, “பெயர்ல எட்டு எழுத்து வரக்கூடாது” என்றார். ஆபீஸ் நண்பர், “சினிமாக்காரங்களை வெச்சுத் திறந்தாத்தான் பப்ளிசிட்டி” என்றார். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் பேண்டு வாத்தியம், சீரியல் நடிகை சகிதம் துணிக்கடை திறந்தார். தெருவே திரண்டு வந்து நடிகையைப் பார்த்தது. துணியை யாரும் பார்க்கவில்லை. எட்டே மாதத்தில் ஷட்டர் இறங்கியது.

நான் செய்தது வேறு. அக்கவுன்ட்ஸ் புத்தி போகுமா? ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். கடை வாடகை 8,000. கரண்ட் 2,000. பாக்கெட், நூல், இதர செலவு 2,000. பகலில் கடையைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்குச் சம்பளம் 8,000. ஆக மாதம் 20,000. ஒரு கிலோ தூள் விற்றால் எனக்கு நிற்பது சுமார் 100 ரூபாய். அப்படியானால் கையைக் கடிக்காமல் இருக்க மாதம் 200 கிலோ விற்க வேண்டும்.

200 கிலோ என்றதும் மலைப்பாக இருந்தது. இன்னும் ஒரு வரி எழுதினேன். நாலு பேர் இருக்கிற காபிக் குடும்பத்துக்குப் பதினைந்து நாளைக்கு அரைக் கிலோ ஆகும். மாதம் 1 கிலோ. அப்படியானால் எனக்கு வேண்டியது 200 குடும்பம். அவ்வளவுதான்! குரோம்பேட்டை முழுக்க என்னைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. சுவரெழுத்து, ஆட்டோ மைக், பேப்பருக்குள் வைக்கிற நோட்டீஸ் எல்லாம் அந்த நிமிஷமே லிஸ்டிலிருந்து அடிபட்டுப் போயின.

நீங்கள் செய்யப் போவது செருப்போ, சட்னிப் பொடியோ, கம்ப்யூட்டர் ரிப்பேரோ, முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். எத்தனை பேர், எத்தனை நாளைக்கு ஒரு தடவை வந்தால் கடை நிற்கும்? அந்த எண் கிடைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும். எண் 20,000 என்று வந்தால் தொழிலே வேண்டாம் என்று தெரிந்துவிடும். அதுவும் லாபம்தான்.

அடுத்து முதல். அரைக்கும் மிஷின், செகண்ட் ஹேண்டில் 60,000. கடை அட்வான்ஸ் 50,000. அலமாரி, போர்டு 20,000. கொட்டை 50,000. இதோடு முக்கியமான இன்னொன்று: ஆரம்ப மாதங்களின் நஷ்டத்துக்கென்று தனியாக 80,000. இதைத்தான் முக்கால்வாசிப் பேர் ஒதுக்குவதில்லை. கடை திறந்த மறுநாளே லாபம் வரும் என்று நம்பி, மூன்றாம் மாத வாடகைக்கு முழிப்பார்கள். மொத்தம் 2,60,000. சேமிப்பு 1,60,000 இருந்தது. மீதி ஒரு லட்சத்துக்கு என் மனைவி வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரு நிபந்தனை.

“அடுத்த வருஷ தீபாவளிக்குள்ள வளையல் என் கைக்குத் திரும்பி வரணும். வரலைன்னா மிஷினை வித்துட்டுக் கடையை மூடிடணும். ‘இன்னும் மூணே மாசம்’னு இழுக்கக் கூடாது. சம்மதமாங்க?”

எம்.பி.ஏ. படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவள் அடுப்படியில் நின்று மூன்று வரியில் சொல்லிவிட்டாள். கடையை மூடுகிற தேதியைத் திறப்பதற்கு முன்பே குறித்துவிட வேண்டும். அப்புறம் குறிக்க மனசு வராது. நஷ்டம் ஏற ஏற ரோஷமும் ஏறும். முதலில் வளையல் போகும். அப்புறம் வீடு, அப்புறம் மச்சானின் பைக்!

வேலையை நான் விடவில்லை. காலையில் அப்பா கடையில் உட்காருவார். பகலில் பையன். மாலை ஆறரைக்கு நான். கடை நிற்க 200 குடும்பம் என்றால் என் வீடும் நிற்க மாதம் இன்னொரு 25,000 வேண்டும். அதற்கு இன்னும் 250 குடும்பம். ஆக 450 வந்த பிறகுதான் ராஜினாமா என்று டைரியில் எழுதிவைத்தேன்.

காகித வேலைகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பொருள் விற்பவர் நம் மாநிலத்துக்குள்ளேயே விற்றால், வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. 2019 ஏப்ரலிலிருந்து இந்த வரம்பு. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம். சிறுதொழிலுக்கான ‘உத்யம்’ பதிவு 2020 ஜூலையில் வந்தது. அரசு இணையதளத்தில் ஆதாரை வைத்துக்கொண்டு நாமே செய்யலாம், பைசா கிடையாது. ‘ஃபீஸ் ரெண்டாயிரம் சார்’ என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வேண்டும். பாக்கெட்டில் தயாரிப்பவர் முகவரி, எடை, விலை, மாதம், வருடம் எல்லாம் அச்சாக வேண்டும். என் தொழிலில் இன்னொன்று: சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி என்பதையும் போட வேண்டும். நான் அதைச் சின்ன எழுத்தில் ஒளிக்காமல் பெரிதாகவே போட்டேன். அதுவே ஒரு விளம்பரமாகிவிட்டது. “பரவாயில்லையே, உண்மையைச் சொல்றானே” என்று ஒரு மாமி நாலு மாமிகளிடம் சொன்னார்.

விளம்பரம் என்றதும் காசு செலவழிப்பது என்று நினைக்கிறோம். கையில் இருப்பதைச் சரியான நேரத்தில் காட்டுவதும் விளம்பரம்தான். காபிக்கு வாசனையைவிடப் பெரிய விளம்பரம் உண்டா? காலையில் மொத்தமாக அரைத்து வைப்பதை நிறுத்தினேன். சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி ஜனங்கள் நடந்து வருகிற நேரத்தில் மிஷினை ஓட்டினேன். ஆறே முக்காலுக்குத் தெருவே மணக்கும். ஆபீஸிலிருந்து களைத்து வருகிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டா நடப்பார்? பத்துப் பேரில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அது போதும்.

திரும்பிப் பார்த்தவரை உள்ளே கொண்டுவருவது அடுத்த வேலை. இதில் எனக்கு வழி காட்டியது ஷாம்பு! கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தொழில் தொடங்கியவர். அந்த ‘சிக்’ ஷாம்புதான் பின்னால் கெவின்கேர் கம்பெனியாக வளர்ந்தது. கிராமம் கிராமமாகப் போய், ஒரு பையனை உட்கார வைத்துத் தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, கூடி நிற்கிறவர்களை முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலி பாக்கெட் கொண்டுவந்தால் புது பாக்கெட் இலவசம் என்றார்கள். பேசிப் புரியவைக்கிற தொல்லையே இல்லை. கை தொட்டது, மூக்கு முகர்ந்தது, முடிந்தது.

நான் யாரையும் குளிப்பாட்டவில்லை. இரண்டு நாள் காலைக் காபிக்கு வருகிற மாதிரி 50 கிராம் பொட்டலம் கட்டினேன். அதையும் ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் நீட்டவில்லை. சும்மா கிடைப்பது அலமாரியின் மூலைக்குத்தான் போகும். “வீட்ல இப்ப எந்தக் கலவை சார்? சிக்கரி உண்டா? ஃபில்டர் சின்னதா, பெரிசா?” என்று கேட்டு, அதற்கேற்ப அரைத்துக் கொடுத்தேன். கேட்டு அரைத்த தூளைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது.

அப்புறம், நோட்டு. இதுதான் என் கடையின் உயிர். 192 பக்கம் கோடு போட்ட சாதாரண நோட்டு. பெயர், தெரு, போன் நம்பர், கலவை, அரைப்பு, கடைசியாக வாங்கிய தேதி. அவ்வளவுதான். இரண்டாம் தடவை வருகிறவர் வாய் திறப்பதற்குள், “பீபரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி இருபது. அதானே சார்?” என்றால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டில்கூட அவரை யாரும் அவ்வளவு ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

2018 டிசம்பரில் நிலைமை கொஞ்சம் மோசம். குடும்பங்கள் 160. நஷ்டத்துக்கு ஒதுக்கிய 80,000-ல் மிச்சம் 3,000. மனைவி எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஒரே தடவை வாங்கிவிட்டு வராதவர்கள் 61 பேர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். “ஏன் சார் வரலை?” என்று கேட்கவில்லை. அது கடன் வசூல் மாதிரி இருக்கும். “தூள் எப்படி சார் இருந்துச்சு? ஃபில்டர்ல சரியா இறங்குச்சா?” என்றேன்.

கொட்டித் தீர்த்துவிட்டார்கள். ஒருவருக்கு நைஸாக அரைத்தது ஃபில்டரில் அடைத்துக்கொண்டது. இன்னொருவர் ஊரில் இல்லை. பதினைந்து பேருக்குமேல் சொன்னது ஒரே விஷயம்: “நான் வர்றப்போ மணி ஒன்பதாகுது தம்பி, நீங்க எட்டரைக்கே மூடிடறீங்க.” மறுநாளிலிருந்து கடை ஒன்பதரை வரை. அந்த 61 பேரில் 40 பேர் திரும்ப வந்தார்கள். ஜனவரியில் 200 தொட்டது. புது ஆளைத் தேடி அலைவதைவிட, ஒரு தடவை வந்து போனவரைத் திரும்ப வரவழைப்பது சுலபம். செலவு, போன் பேசுகிற நேரம் மட்டும்தான்.

கடன் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு மெஸ்காரர் மாதம் 40 கிலோ வாங்குவதாகச் சொல்லி, “பணம் மாசக் கடைசில மொத்தமா செட்டில் பண்ணிடறேன்” என்றார். நான் வாய் திறப்பதற்குள் மனைவி, “முதல் நாப்பதுக்குக் காசு கொடுத்துட்டு ரெண்டாவது நாப்பதை எடுத்துக்கங்கண்ணே” என்று சொல்லிவிட்டாள். அண்ணன் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. கடன் கொடுத்தால் காசு மட்டுமா போகிறது? ஆளும் போய்விடுவார். பாக்கி வைத்தவர் நம் கடையைத் தாண்ட வெட்கப்பட்டு, சுற்று வழியில் போய் இன்னொரு கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவார்!

2019 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் வளையல் வீடு வந்து சேர்ந்தது. டிசம்பரில் 450-ஐத் தாண்டியதும் வேலையை விட்டேன். மூன்றே மாதம். 2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. மின்சார ரயில் நின்றது. ஆறே முக்கால் கூட்டம் போயிற்று. மிஷின் ஓடினால் வாசனையை முகர நாய்தான் இருந்தது. சம்பளமும் இல்லை. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் நோட்டை எடுத்தேன். 480 பெயர். நான், அப்பா, மனைவி மூவரும் ஆளுக்கு 160 என்று பிரித்துக்கொண்டு ஆறு நாள் போன் செய்தோம். “உங்க கலவை எங்ககிட்ட இருக்கு சார். அரைச்சு வீட்டு வாசல்ல வெச்சுடறோம்.” உணவுப் பொருள் என்பதால் அனுமதித்த நேரத்தில் தெருவாரியாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஏப்ரலில் 390 கிலோ போயிற்று. கடை பிழைத்தது. வாசனையை நம்பி மட்டும் இருந்திருந்தால் அந்த மாதமே கதை முடிந்திருக்கும்.

இன்றைக்கு உங்கள் கையில் வாட்ஸ்அப் இருக்கிறது. கூகுள் மேப்பில் கடையைக் காசில்லாமல் பதிவு செய்யலாம். இரண்டையும் செய்யுங்கள். ஆனால் தினமும் ரோஜாப்பூ போட்டுக் ‘காலை வணக்கம்’ அனுப்பாதீர்கள். சனிக்கிழமை புதுச் சரக்கு வருகிறது என்றால் அதை மட்டும் சொல்லுங்கள். மற்ற நாள் அவர்களை நிம்மதியாக விடுங்கள்.

அப்புறம் தம்பி, அந்த வியாதி உங்களுக்கும் முற்றியிருந்தால் ராஜினாமாக் கடிதத்துக்கு இன்னும் பேப்பர் எடுக்காதீர்கள். அதே விலைக்கு ஒரு 192 பக்க நோட்டு கிடைக்கும். முதல் பக்கத்தில் உங்கள் எண்ணை எழுதுங்கள். அடுத்த பக்கத்திலிருந்து, நிச்சயம் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று தெரிந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். இருபது பெயர் தேறினால் கடை பார்க்கப் போகலாம்.

மாமியார் பெயரைச் சேர்க்கக் கூடாது. அவர் காசு கொடுக்க மாட்டார்!