அப்பத்தாவின் தலையணை

எங்க தெருப் பொண்ணு ஒருத்தி எட்டு மாத வயிற்றோடு பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதினாள். ஆட்டோவில் கூட்டிப்போனது அவளோட அப்பத்தா. ஒரு கையில் மோர் பாட்டில், மறுகையில் முதுகுக்கு முட்டுக்கொடுக்கத் தலையணை. “ஊர் வாயை நான் பாத்துக்கிறேன் தாயி, நீ கேள்வித்தாளைப் பாரு.”

சியரா லியோனில் 2015-இல் கர்ப்பிணி மாணவிகள் பள்ளிக்கு வரக்கூடாதென்று அரசே தடை போட்டது. நீதிமன்றம் கண்டித்த பிறகு 2020-இல்தான் நீக்கினார்கள். இங்கே அப்படிச் சட்டமில்லை. ‘டி.சி. வாங்கிட்டுப் போங்க’ என்ற ஒரு சொல்லே போதும், வீடும் தலைகுனிந்து வாங்கிவிடும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வயதில் பிள்ளை பெறுவது உடம்புக்கே ஆபத்து. படிப்பையும் பிடுங்கினால் அவளுக்கு என்ன மிச்சம்?

ரிசல்ட் வந்தபோது கணக்கில் 41. அப்பத்தா மடியில் பதினோரு நாள் பிள்ளை. பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தை அவள் தரையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள்.