'சேதம் இல்லை' என்று எழுதிய கை

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் காப்புக்காடுகளில் வனவராக இருந்த காலத்தில், கோடைதோறும் தீ அறிக்கையில் நான் எழுதியது ஒரே வாசகம்: 'தரைத்தீ. புல்லும் சருகும் எரிந்தன. மரங்களுக்குச் சேதம் இல்லை.' பல தடவை பாதையோரத்தில் நின்றே எழுதினேன். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. சேதம் என்றால் எத்தனை மரம், என்ன மதிப்பு என்று கணக்குக் காட்ட வேண்டும். அதற்குச் சோம்பினேன், விளக்கம் கேட்பார்களோ என்றும் பயந்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்திசு 60 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டிலேயே செத்துவிடும். அடிமரம் சுற்றிலும் அப்படி வெந்துவிட்டால், மேலே தழை பச்சையாக இருந்தாலும் வேருக்குச் சாப்பாடு இறங்காது. மரம் உடனே சாகாது. அடுத்த கோடையிலோ, இரண்டு மூன்று வருடம் கழித்தோ பட்டுப்போகும். அடிப்பட்டையில் விரலகலம் சீவினால் போதும். ஈரமும் வெளுப்புமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறி உலர்ந்திருந்தால் இல்லை. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், காற்றுக்கு மறைவான பக்கத்தில்தான் தீ நின்று சுடும். மழை முடிந்ததும் திரும்பப் போய்த் துளிர்த்ததையும் துளிர்க்காததையும் எண்ண வேண்டும். நான் போனதில்லை. தைலமரம் கருகிய தண்டிலேயே சீக்கிரம் துளிர்விடும். பாதையோரத்தில் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே களாவும் காரையும் பாலையும் என்ன ஆயின என்று பார்க்காமலே திரும்பினேன்.

செயற்கைக்கோள் எச்சரிக்கையும் எனக்குச் சாக்கானது. 375 மீட்டர் கட்டத்துக்குள் எங்கோ தீ என்று அது சொல்லும். எந்த மரம் செத்தது என்பதை மனிதன்தான் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

2018 மார்ச்சில் குரங்கணித் தீ 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, ஊர்க்கூட்டங்களில் நானும் பேசினேன்: தீ எரியும்போது காட்டுக்குள் போகாதீர்கள் என்று. அணைந்த பிறகு இருக்கும் ஆபத்தைச் சொல்லவில்லை. அடி கருகிய மரம் காற்றில்லாத நேரத்திலும் சாயும். பட்ட தூர்க்கட்டை வேர்வழியே நாள்கணக்கில் கனன்று, மேலே சாம்பல் மூடிய குழியாகிவிடும்.

விறகு பொறுக்க வந்த ஒரு அம்மாவின் கால் அப்படியொரு குழியில் முழங்கால்வரை இறங்கியது. சேதமே இல்லை என்று நான் எழுதிவிட்ட காட்டில் கயிறு கட்டித் தடுக்கவோ தண்டோரா போடவோ காரணம் ஏது? ஆஸ்பத்திரியில் அவர் என்னைத் திட்டவில்லை. "நெருப்பு அணைஞ்சிட்டுதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்று மட்டும் கேட்டார். அணைந்துவிட்டது என்று நான் சொன்னேன்தான். கையால் மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் சொன்னேன்.

அதன் பிறகும் அந்த அறிக்கையை நான் திருத்தவில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பட்ட மரங்களை விறகுக்கு வெட்டிப் போய்விட்டார்கள், இனி எண்ண முடியாது. உண்ணிச்செடி மூடிக் கிடக்கும் திட்டுகளில் முன்பு என்ன நின்றது என்பதற்குக் காகிதத்தில் ஒரு வரி இல்லை. மறுநடவு செய்ய வருகிறவர் என் அறிக்கையை நம்பினால், அங்கே காடு குறையவே இல்லை என்றுதான் முடிவுக்கு வருவார்.