முதலில் சிரமத்தைச் சொல்லுங்கள்

பலர் சேர்ந்து உருவாக்கும் மென்பொருளுக்கு யோசனைப் பஞ்சம் வந்ததே இல்லை. இந்த வசதி இருந்தால் நன்றாக இருக்கும், அந்த மொழியில் இருக்கிறதே இங்கே ஏன் இல்லை என்று கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கேட்டதைச் செய்து கொடுத்து, பிறகு பல ஆண்டுகள் கட்டிக் காக்க வேண்டியவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பலர் சம்பளமில்லாமல் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுப்பவர்கள். இந்த நிலையில் எதை ஏற்பது, எதை விடுவது? எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான் நியாயம் என்று முதலில் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தச் சிரமத்தைத் தீர்க்க வந்தது என்பதை ஒரு யோசனை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறதோ அதைப் பொறுத்தே அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் பைத்தான் மொழியின் வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்கிறேன். அங்கே ஏற்றதும் மறுத்ததும் எழுத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்.

2000ஆம் ஆண்டிலிருந்து பைத்தானில் பெரிய மாற்றம் எதையாவது விரும்புகிறவர் 'பெப்' எனப்படும் முன்மொழிவு ஆவணத்தை எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. மாற்றம் எதற்காக, பழைய நிரல்களில் எதெல்லாம் உடையும், புதிதாகக் கற்பவருக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்றெல்லாம் அதில் விளக்க வேண்டும். ஆராய்ந்து பார்த்துக் கைவிட்ட மாற்று வழிகளுக்கும் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. யோசனை தள்ளுபடியானாலும் ஆவணம் அழிக்கப்படுவதில்லை. 'நிராகரிக்கப்பட்டது' என்ற குறிப்போடு அதே இடத்தில் கிடக்கும்.

இவற்றில் 308ஆம் எண்ணுள்ள ஆவணம் நின்று பார்க்கத் தக்கது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம் 2003 பிப்ரவரியில் அதை முன்வைத்தார். ஒரு நிபந்தனை சரியாக இருந்தால் ஒரு மதிப்பு, இல்லாவிட்டால் இன்னொன்று என்று ஒரே வரியில் எழுதும் வசதி அது. சி மொழியில் கேள்விக்குறியையும் முக்காற்புள்ளியையும் வைத்து இதை எழுதுவார்கள். பைத்தானில் எப்படி எழுதுவது என்பதற்கு ஆளுக்கொரு வடிவம் சொன்னார்கள். பயனர்களிடையே வாக்கெடுப்பும் நடந்தது. எந்த வடிவத்துக்கும் தெளிவான ஆதரவு கிடைக்கவில்லை. யோசனை கிடப்பில் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2005இல், கைடோ ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து ஏற்றுக்கொண்டார். 2006இல் வந்த 2.5 பதிப்பில் அது சேர்ந்தது.

வாக்கெடுப்பால் முடியாததை முடித்து வைத்தது ஒரு பிழை. அந்த வசதி இல்லாத காலத்தில் நிரலாளர்கள் 'அண்ட்', 'ஆர்' என்ற இரண்டு சொற்களைக் கோத்து ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ஒரு மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொள்வோம். மாணவர் தேர்வு எழுதியிருந்தால் மதிப்பெண்ணைக் காட்டு, எழுதாவிட்டால் 'வரவில்லை' என்று காட்டு, இதுதான் வேலை. 'எழுதினார் அண்ட் மதிப்பெண் ஆர் வரவில்லை' என்ற பாணியில் எழுதினால் 35 எடுத்தவருக்கு 35 என்றே வரும், 90 எடுத்தவருக்கு 90 என்றே வரும். பூஜ்யம் எடுத்தவருக்கோ 'வரவில்லை' என்று வரும். பைத்தான் பூஜ்யத்தைப் பொய் என்றே கணக்கில் கொள்வதால் அடுத்த பகுதிக்குத் தாவிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, நிரல் நிற்காது. தேர்வு மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த பிள்ளை வரவே இல்லை என்று பதிவாகிவிடும். இப்படித் தவறுக்கு இடம் கொடுக்கும் குறுக்கு வழிகள் பரவிக் கிடந்ததுதான் வசதியை ஏற்கக் காரணம் என்று அந்த ஆவணமே சொல்கிறது. 'எங்களுக்கு வேண்டும்' என்று கேட்டபோது நகராதது, 'இது இல்லாததால் இங்கே தவறு நடக்கிறது' என்று காட்டியபோது நகர்ந்தது.

எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதன் இடம் வேறு. ஒரு மதிப்பைப் பல கிளைகளோடு ஒப்பிடும் 'ஸ்விட்ச்' கட்டளை வேண்டும் என்பது பைத்தானில் மிகப் பழைய கோரிக்கை. 2001இலேயே ஒரு முன்மொழிவு வந்தது. 2006இல் கைடோவே இன்னொன்றை எழுதினார். 2007இல் பைகான் மாநாட்டில் தன் உரையின் நடுவே அவையைக் கேட்டுப் பார்த்தார். ஆதரவு இல்லை என்று தெரிந்ததும் தன் யோசனையைத் தானே தள்ளுபடி செய்தார். மொழியைப் படைத்தவரின் யோசனையே ஆனாலும், அந்தச் சிரமத்தை உணர்ந்தவர்கள் போதவில்லை என்பதை அந்த அவை காட்டியது. எண்ணிக்கை இதைத்தான் சொல்லும்: வலி பரவலாக இருக்கிறதா, இல்லையா என்று. எந்த மருந்து என்பதை அது சொல்லாது. 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில் 'மேட்ச்' கட்டளை சேர்ந்தபோது அதன் பின்னணியில் இருந்தது வேறொரு சிரமம். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்ட தரவின் அமைப்பைச் சோதித்து, அதிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுக்க, நிபந்தனை மேல் நிபந்தனையாக எழுத வேண்டியிருந்ததே, அது. அதற்கு மூன்று ஆவணங்கள் எழுதினார்கள்: இலக்கணத்துக்கு ஒன்று, கற்பிக்க ஒன்று, காரணங்களைச் சொல்வதற்கென்றே முழுதாக ஒன்று.

இங்கேதான் மறுப்பை எழுதி வைப்பதன் பலன் தெரிகிறது. 2006இல், பைத்தான் 3இல் எவையெல்லாம் மாறாது என்று பட்டியலிட்டு ஓர் ஆவணம் வந்தது. நிரலின் வரிகளைப் படித்துப் பிரிக்கும் பகுதியை 'எல்எல்(1)' என்ற எளிய முறைக்கு மேல் சிக்கலாக்க மாட்டோம் என்பது அதில் ஒரு வாக்கு. 2020இல் 3.9 பதிப்பில் அந்த முறையையே எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். எளிமைக்காக வைத்துக்கொண்ட கட்டுப்பாடே இலக்கணத்தில் சுற்றி வளைத்த வேலைகளைத் திணிக்கிறது என்று மாற்றத்தைக் கேட்டவர்கள் காட்டினார்கள். 'மேட்ச்' கட்டளைக்கு வழி திறந்ததும் அந்தப் புதிய முறைதான். பழைய மறுப்பு காரணத்தோடு எழுத்தில் இருந்ததால், அந்தக் காரணம் இன்றும் நிற்கிறதா என்ற ஒரே கேள்வியோடு விவாதத்தைத் தொடங்க முடிந்தது. ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் மூடப்படும் கோரிக்கைக்கு இந்த வாய்ப்பே கிடையாது. அடுத்த ஆண்டு இன்னொருவர் அதையே முதலிலிருந்து கேட்பார், அதே கசப்போடு திரும்பிப் போவார்.

இவ்வளவு எழுத்து வேலை வைத்தால் சாதாரணப் பயனர் வாயைத் திறப்பாரா என்பது கனமான ஆட்சேபம். ஆங்கிலத்தில் நீளமாக எழுத வராதவருக்கு இது பெரிய மதில்தான். ஆனால் சிறு திருத்தங்களுக்கு பெப் தேவையில்லை. பெரிய யோசனையும் முதலில் விவாதமாகத்தான் தொடங்குகிறது. மையக் குழுவில் இல்லாதவர் எழுதும் ஆவணத்துக்கு உள்ளிருந்து ஒருவர் பொறுப்பேற்றுத் துணை நிற்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. நான் பயனரிடம் எதிர்பார்ப்பது மூன்றே செய்திகள்: என்ன செய்யப் போனார், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும். அதை முன்மொழிவாக வளர்ப்பது விஷயம் தெரிந்தவர்களின் கடமை. தீர்வைச் சொல்லத் தெரியாதவரும் சிரமத்தைச் சொல்ல முடியும் என்பதால், இந்த முறையில் எளியவருக்குத்தான் இடம் அதிகம்.

முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மனிதர்கள் காயப்படுவார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கோவைக்குள்ளேயே மாறிக்கு மதிப்பளிக்கும் குறியீட்டைச் சேர்க்கும் 572ஆம் முன்மொழிவு மிகக் கடுமையான சர்ச்சையைக் கிளப்பியது. அதை ஏற்ற கையோடு, 2018 ஜூலை 12 அன்று, கைடோ தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேரின் வெறுப்பைச் சம்பாதிக்க இனி விருப்பமில்லை என்று தெரிவித்தார். ஒரே மனிதர் கடைசி வார்த்தை சொல்லும் ஏற்பாட்டின் பாரத்தை அது எல்லோருக்கும் உணர்த்தியது. அடுத்த ஆண்டு ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆவணத்தால் கோபத்தைத் தடுக்க முடியவில்லை, உண்மைதான். ஆனால் கோபம் தணிந்த பிறகு படித்துப் பார்க்கக் காரணங்கள் மிஞ்சின. அது சிறிய லாபமில்லை.

தமிழருக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு முன்மொழிவும் உண்டு. மாறிகளுக்கும் சார்புகளுக்கும் ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கக் கோரிய 3131ஆம் எண், 2007இல் எழுதப்பட்டது. தங்களால் தட்டச்சு செய்ய முடியாத பெயர்கள் வந்தால் என்ன செய்வது என்ற எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்த ஆவணம் எதிர்ப்புகளைத் தானே எடுத்து வைத்துப் பதில் சொன்னது. பைத்தானோடு வரும் அடிப்படை நூலகங்களில் ஆங்கில எழுத்துகளே இருக்கும் என்று எல்லையும் வகுத்தது. அதனால் இன்று ஒரு பள்ளி மாணவர் 'மொத்தம்' என்றே ஒரு மாறிக்குப் பெயரிடலாம். இதில் நுட்பம் ஒன்று உண்டு. 'மொ' என்பதன் ஒகரக் குறியைக் கணினியில் ஒரே குறியாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே பைத்தான் ஒப்பிடுவதால், எப்படிப் பதிந்தாலும் அது ஒரே மாறிதான். தரவாக வரும் சரங்களுக்கு இந்த ஏற்பாடு இல்லை. இரு விதமாகப் பதிவான 'பொன்னி' என்ற பெயரை ஒப்பிட்டால், நாமாக மாற்றிக் கொடுக்காதவரை, இரண்டும் வேறு என்றே விடை வரும்.

பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை, வரிசைப்படுத்தினால் தப்பாக வருகிறது என்று தமிழில் கணினியைப் பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி சொல்வதில் சிலவற்றுக்கு வேர் இங்கே இருக்கக்கூடும். 'தமிழ் ஆதரவை மேம்படுத்துங்கள்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் எந்தக் குழுவாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இரண்டு சரங்களையும் அப்படியே இணையுங்கள், வந்த விடையையும் வந்திருக்க வேண்டிய விடையையும் எழுதுங்கள், பிறகு அனுப்புங்கள்.