யார் சுமக்கும் புகை?

நாகர் வீட்டுப் பரணில் தொங்கும் பன்றிக்கறிக்கு ருசி கொடுக்கும் அடுப்புதான் அதைச் சமைக்கும் பெண்ணின் கண்ணையும் கரிக்க வைக்கிறது.

தமிழ்நாட்டில் ஆட்டுக்கறி மிஞ்சினால் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் தொங்கவிடுவார்கள். உப்புக்கண்டம். கேட்காமலே வெயில் கிடைக்கிற ஊரில் அது சுலபம். நாகாலாந்தின் மலைகளில் மே மாதம் பிடிக்கிற மழை செப்டம்பர் தாண்டியும் விடுவதில்லை. துணியே காயாத இடத்தில் கறி எங்கே காயும்? வெயில் செய்ய வேண்டிய வேலையை நாகர்கள் அடுப்பிடம் ஒப்படைத்தார்கள்.

ஜுன்ஹெபோட்டோ மாவட்டத்தில் ஒரு சுமி நாகர் கிராமம். அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தாயின் வீட்டில் சமையலறைதான் எல்லாம். விருந்தாளி வந்தால் உட்காருவது அங்கே, வழக்குப் பேசுவது அங்கே, குளிர்காய்வதும் அங்கே. நடுவில் தரையோடு தரையாக விறகு அடுப்பு. அதற்கு நேர் மேலே கூரையிலிருந்து தொங்கும் மூங்கில் பரண். பரணில் கறியோடு மிளகாய், அடுத்த ஆண்டுக்கான விதை, ஈர விறகு எல்லாம் காய்கின்றன. கூரையின் உட்புறம் தார் பூசியது போலக் கறுத்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கோ கல்யாணத்துக்கோ பன்றி அடித்தால் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது. உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பங்கு போனபின் மீதியைத் தோலும் கொழுப்புமாக நீளத் துண்டுகள் போட்டு, மூங்கில் குச்சியில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுகிறார் அந்தத் தாய். முதலில் தீக்குக் கொஞ்சம் அருகில், மேற்புறம் இறுகும் வரை. பிறகு உயரே. அதற்காகத் தனியாகத் தீ மூட்டுவதில்லை. காலை டீ, மதியச் சோறு, மாலையில் பன்றிக்கு வேகவைக்கும் தீவனம் என்று எரிகிற அடுப்பின் புகையே போதும். சில வாரங்களில் கறி வெளியே கரி நிறம், உள்ளே கருஞ்சிவப்பு. ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் கெடாது.

புகை இதை எப்படிச் சாதிக்கிறது? பன்றிக் கொழுப்பு காற்றுப் பட்டால் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதையும்போது உண்டாகும் ஃபீனால் வகைகள் அதைத் தடுக்கின்றன. புகையிலுள்ள அசிட்டிக் அமிலமும் ஃபார்மால்டிஹைடும் பாக்டீரியாவை அடக்குகின்றன. அடுப்பின் வெதுவெதுப்பு கறியின் ஈரத்தை இழுத்துவிடுகிறது. ஈரம் இல்லாத இடத்தில் கிருமிக்கு வேலை இல்லை. லிக்னின் சிதைவில் பிறக்கும் குவையகால், சிரிங்கால் என்ற இரண்டும்தான் நாம் புகை ருசி, புகை மணம் என்று சொல்வதற்கு முக்கியக் காரணம். அந்தத் தாய் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டதில்லை. எந்த விறகு கறியைக் கசக்க வைக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

சமையல் எளிது. கறியை வெந்நீரில் கழுவித் துண்டு போட்டு வேகவைத்து, அகுனியும் ராஜா மிளகாயும் சேர்த்தால் முடிந்தது. அகுனி என்பது சுமிகளின் சொத்து. சோயாவை வேகவைத்து, இலையில் பொதிந்து அடுப்பருகே சில நாள் புளிக்க வைத்தது. ராஜா மிளகாய் 2008-ல் நாகா மிர்ச்சா என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. ஒன்று போட்டாலே ஒரு குடும்பத்துக்குத் தாங்கும். எண்ணெய் கிடையாது, மசாலாப்பொடி கிடையாது. கறியின் கொழுப்பே எண்ணெய். அதன் புகையே மசாலா.

கணக்கின் மறுபக்கம் ஒன்று உண்டு. பரணுக்குப் போகும் புகை முதலில் அடுப்பருகே குந்தியிருப்பவரின் கண்ணையும் மூச்சையும் கடந்துதான் மேலே போகிறது. அந்தத் தாய்க்கு விடியற்காலையில் இருமல் வருகிறது. கண்ணில் எப்போதும் நீர். கறியைக் காப்பாற்றும் பொருள்களோடு பென்சோபைரீன் போன்ற நச்சுகளும் புகையில் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையூட்டியதும் அதில் அடக்கம். மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேரும் இடத்தில் வரும் புற்றுநோய் இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் அபூர்வம். நாகாலாந்தில் அது அதிகம் என்று ஐ.சி.எம்.ஆர். பதிவேடுகள் காட்டுகின்றன. ஆய்வாளர்கள் சுட்டும் காரணங்கள் பல. எப்ஸ்டீன்-பார் வைரஸ், பரம்பரை ஆகியவற்றோடு புகையூட்டிய கறியும் புகை அடைந்த வீடும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

அடுப்பருகே ஆள் உட்காராமல் கறிக்குப் புகை போட முடியாதா? முடியும் என்று அமெரிக்கர்கள் காட்டினார்கள். ஓரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் என்பவர் 1980-களில் உருவாக்கிய பெல்லட் கிரில் அதற்கென்றே வந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை ஒரு திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்குத் தள்ளும். மின்விசிறி காற்றூதும். வேண்டிய சூட்டைக் குறித்துவிட்டால் கருவியே பார்த்துக்கொள்ளும். அங்கே இதில் விரும்பிச் சுடுவதில் ஒன்று 'கன்ட்ரி ஸ்டைல் ரிப்ஸ்'. பெயரில்தான் விலா. எலும்பில்லாத வகை பெரும்பாலும் பன்றியின் தோள்பட்டைக் கறி. சுமார் 107 டிகிரி செல்ஷியஸில் பல மணி நேரம் இருந்தால் அதன் நாரெல்லாம் இளகிப் பஞ்சாகிவிடும்.

இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்கக் கருவி கறியை வேகவைக்கிறது, நாகர் அடுப்பு உலர்த்துகிறது. ஒன்று அன்றைய விருந்துக்கு, மற்றது ஆறு மாதச் சேமிப்புக்கு. இதைவிடப் பெரிய வித்தியாசம் இடத்தில் இருக்கிறது. அந்தக் கருவி வீட்டுக்கு வெளியே, கொல்லைப்புறத்தில் நிற்கிறது. புகை பிடித்தால் ரசிக்கலாம், பிடிக்காவிட்டால் உள்ளே போய்விடலாம். ஜுன்ஹெபோட்டோ தாய் போவதற்கு வேறு 'உள்ளே' கிடையாது.

அவருடைய மகள் டெல்லியில் நர்ஸ். விடுமுறை முடிந்து திமாபூரில் ரயில் ஏறும்போதெல்லாம் பெட்டியில் துணிகளுக்கு நடுவே செய்தித்தாளும் பிளாஸ்டிக்குமாக நாலு சுற்றுச் சுற்றிய கறி இருக்கும். கூடவே ஒரு பொட்டலம் அகுனி. டெல்லி ஹுமாயூன்பூரில் இப்போது வடகிழக்கு மாநிலத்தாரின் கடைகளும் ஓட்டல்களும் நிறைய. காசு கொடுத்தால் புகைக்கறி கிடைக்கும். ஆனால் அம்மாவின் பரணிலிருந்து வந்தது அல்லவே!

முதலில் குடியிருந்த வீட்டில் அவள் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுச் சமைத்தாள். மணம் மாடிப்படி வழியாக வீட்டுக்காரரைத் தேடிப் போயிற்று. கதவு தட்டப்பட்டது. மூன்றாவது தடவைக்குப் பிறகு வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். இது அவளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2007-ல் டெல்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்காக வெளியிட்ட கையேடு, மூங்கில் குருத்து, அகுனி போன்றவற்றை அக்கம்பக்கத்தில் பிரச்னை வராமல் சமைக்கும்படி புத்தி சொன்னது. ஒரு கல்யாண விருந்துக்காக அகுனியும் பன்றிக்கறியும் சமைக்க டெல்லியில் சில இளைஞர்கள் இடம் தேடி அலைவதைத்தான் நிகோலஸ் கார்கோங்கர் 2019-ல் 'அகுனி' என்ற படமாக எடுத்தார்.

ஆக, அம்மா கதவைத் திறந்து வைத்தும் வெளியேறாத புகை. மகள் கதவைச் சாத்தியும் உள்ளே நிற்காத மணம். இரண்டுக்கும் விலை கொடுப்பவர்கள் அடுப்பருகே நிற்கும் பெண்கள்தான். பரிமாறும்போது தட்டை நீட்டுகிறவர்களிடம் அந்தக் கணக்கு போவதில்லை.

2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் கேஸ் இணைப்பு இப்போது அந்தத் தாயின் வீட்டிலும் இருக்கிறது. டீயும் அவசரச் சமையலும் அதில்தான். விறகு அடுப்பு எரியும் நேரம் குறைந்துவிட்டது. கண்ணுக்கு ஆறுதல். பரணுக்கு நஷ்டம். நாள் முழுதும் கிடைத்த ஓசிப் புகை இப்போது இல்லை. கறி காயாமல் பூசணம் பூத்தது.

கொல்லையில் தகரக் கூரை போட்டு அடுப்பைப் பரணோடு அங்கே மாற்றிவிடலாம் என்கிறாள் மகள். நர்ஸாயிற்றே, அம்மாவின் இருமலை அவளால் காதில் வாங்காமல் இருக்க முடியவில்லை. அம்மா தயங்குகிறார். தீ வெளியே போனால் வீட்டில் எதைச் சுற்றி உட்காருவது? மழையில் யார் போய் விறகு தள்ளுவது? அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த அடுப்பைச் சுற்றித்தான் அவருடைய கல்யாணம் பேசி முடிக்கப்பட்டது, மகள் டெல்லி போவதும் முடிவாயிற்று.

ஆனாலும் தகரம் வாங்கப் பணம் அனுப்பிவிட்டாள் மகள். கொட்டகை சமையலறையிலிருந்து பத்தடி தூரத்தில் எழும்பி நிற்கிறது. விறகு தள்ளும் வேலை இப்போது வீட்டு ஆண்களுடையது. முதல் மழைக்காலத்தில் கறி சரியாக இறுகவில்லை என்று அம்மாவுக்குக் குறை. பரணைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். தாழ்த்தினால் போகிறது. கறிக்குத்தான் புகை வேண்டும், சமைப்பவருக்கு வேண்டியதில்லை.