கொல்மார் நகரத்துப் பீடம்

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில், ஜெர்மனிக்கு அருகே, அல்சாஸ் பகுதியில் கொல்மார் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. மரச்சட்டங்கள் வெளியே தெரியக் கட்டப்பட்ட வீடுகளும், சுற்றிலுமுள்ள திராட்சைத் தோட்டங்களும் அவ்வூருக்குப் பெருமை. நான் அங்குச் சென்றது அவற்றுக்காக அன்று. சுவாமிநாதர் சபைக் கன்னியர் முற்காலத்தில் வாழ்ந்த மடம் ஒன்று அங்கே உண்டர்லிண்டன் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அதன் பழைய சிற்றாலயத்தில்தான் ஈசன்ஹைம் பீடத்தின் ஓவியங்கள் உள்ளன.

அது சனவரி மாதம். கையுறை அணிய நல்லதொரு சாக்குக் கிடைத்ததே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. பதினோரு ஆண்டுகளாக என் இரு கைகளிலும் வெண்படை பரவியிருக்கிறது. அது தொற்றுநோயன்று. மருத்துவர் எனக்குச் சொன்னார். நான் பலருக்குச் சொன்னேன். ஆயினும் ஒரு கிறிஸ்துமஸ் நாளில், நான் நீட்டிய பலகாரத்தை வாங்க வந்த குழந்தையின் கையை அதன் தாய் மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அன்றுமுதல் எனக்கு முழுக்கைச் சட்டை; ஆலயத்தில் கடைசி பெஞ்சு.

இந்தப் பீடம் முதலில் கொல்மாருக்குத் தெற்கே சுமார் 25 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள ஈசன்ஹைம் என்ற ஊரில், அந்தோனியார் சபைத் துறவியரின் மடத்தில் இருந்தது. நாம் செவ்வாய்தோறும் நாடிச் செல்லும் பதுவை அந்தோனியார் வேறு; இவர் எகிப்து நாட்டு வனத்து அந்தோனியார். பீடத்தின் பலகை ஒன்றில் அவர் வனத்துச் சின்னப்பரைச் சந்திக்கும் காட்சியும் உண்டு. நம்மூரில் கோயில் கொண்டிருக்கும் இவ்விருவரையும் அந்நிய மண்ணில் கண்டபோது, ஊர்க்காரரைச் சந்தித்தாற்போலிருந்தது.

அத்துறவியர் மருத்துவமனை நடத்தினர். அக்காலத்தில் 'அந்தோனியார் நெருப்பு' என்றொரு கொடிய நோய் பரவியிருந்தது. ரை என்னும் தானியத்தில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை ரொட்டியின் வழியே உடலில் சேரும். கைகால்கள் தீப்பட்டாற்போல் எரியும். பின்பு கறுத்து அழுகும். வெட்டி எடுக்கவும் நேரும். அத்தகையோருக்கு நல்ல ரொட்டியும், தைலமும், புனிதரின் அருளிக்கத்தின்மீது ஊற்றி எடுத்த திராட்சை இரசமும் கொடுத்தனர். ஓவியர் மத்தியாஸ் குரூனவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையே தீட்டிய ஓவியத்தின் முன்னே அந்நோயாளரைக் கொண்டுவந்து நிறுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதியாக இருந்தது என்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர்.

அவர்கள் கண்டது என்ன? ஏறத்தாழ ஒன்பது அடி உயரத்தில் ஆண்டவரின் பாடுகள். நம் வீட்டுச் சுரூபங்களில் காணும் சாந்தமான திருவுடல் அன்று அது. தோல் பச்சை பாய்ந்திருக்கிறது. உடலெங்கும் முட்கள் தைத்த புண்கள். உதடுகள் நீலம். விரல்கள் வேதனையில் விரிந்து முறுக்கிக்கொண்டிருக்கின்றன. ஒருபுறம் தேவமாதா வெண்ணிற ஆடையில் மயங்கிச் சாய்கிறார். மறுபுறம் ஸ்நாபக அருளப்பர் நீண்ட விரலால் ஆண்டவரைச் சுட்டுகிறார். அவர் அதற்கு முன்பே தலை வெட்டுண்டு மரித்தவர் ஆயிற்றே என்று கேட்கலாம். ஓவியருக்கு அது பொருட்டன்று. தம்மைக் குறைத்துக்கொண்டு பிறரைக் காட்டும் அந்த விரல்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

'நான் அருவருப்பானவன், ஒதுக்கப்பட்டவன்' என்று படுக்கையில் கிடந்தவன், இதன்முன் நின்று, 'நான் இவரைப் போன்றவன்' என்று எண்ணியிருப்பான். புண் மாறவில்லை, புண்ணுக்குரியவன் மாறினான். முதல் உலகப்போரின்போது, 1917-இல், பாதுகாப்புக்காக இவ்வோவியங்கள் மியூனிக் நகருக்குக் கொண்டுபோகப்பட்டன. போரில் தோற்ற அந்நாட்டு மக்கள், 1919-இல் அவை திரும்பும்வரை, திரள்திரளாக வந்து பார்த்தனர். அவர்களும் தங்களையே பார்த்திருக்க வேண்டும்.

திருநாள்களில் பீடத்தின் கதவுகள் திறக்கப்படும். உள்ளே உயிர்ப்பின் காட்சி. இப்போது பலகைகளைத் தனித்தனியே பிரித்து வைத்திருப்பதால் எந்நாளும் காணலாம். 2022-இல் நிறைவுற்ற சீரமைப்புக்குப்பின் வண்ணங்கள் துலங்குகின்றன. உயிர்த்த ஆண்டவரின் மேனியில் முன்பு கண்ட புண்கள் இல்லை. முகம் ஒளியில் கரைகிறது. ஆனால் இரு கைகளையும் உயர்த்தி, உள்ளங்கைக் காயங்களை அவர் நமக்குக் காட்டுகிறார். மறைக்கவில்லை.

அங்கேதான் நெடுநேரம் நின்றேன். அருகே நின்ற முதியவர் ஒருவர் என்னை நோக்கித் தலையசைத்துப் புன்னகைத்தபோதுதான், எப்போது கழற்றினேன் என்று தெரியாமலே, கையுறைகளை நான் கழற்றியிருந்ததைக் கவனித்தேன்.

ஊர் திரும்பியபின் முழுக்கைச் சட்டையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும். வெளியூர் சென்றால் இன்னும் அதைத்தான் அணிகிறேன். ஆலயத்தில் மட்டும் இப்போது நான்காவது பெஞ்சில், நடைபாதை ஓரமாக அமர்கிறேன்.