சுக்கும் சொண்டியும்

அலுவலக மாற்றலால் திருப்பதிக்கு வந்து, திருமலைக்கான 3,550 படிகள் தொடங்கும் அலிபிரியின் அருகே நாம் குடியேறிய முதல் மார்கழியில், எட்டு வயது மகளுக்கு இருமல் கண்டது. அண்டை வீட்டுத் தெலுங்குப் பாட்டியார், "சொண்டி, மிரியாலு, பிப்பள்ளு" என்றார். நாம் விழித்தோம். தம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து காட்டினார்: சுக்கு, மிளகு, திப்பிலி! நல்லாதனார் தம் நூலுக்குப் பெயராக்கிய திரிகடுகமே அது. பொடித்துத் தேனில் குழைத்துத் தந்தார், தொண்டை இதமுற்றது. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டபோது, "இனி மருத்துவரிடம் செல்லுங்கள்" என்றவரும் அவரே. கைமருந்தின் எல்லையையும் அறிந்தவர் அவர்.

இன்று நம் மகள் சுக்கைச் 'சொண்டி' என்றே கேட்கிறாள். மருந்து கைக்கு வந்தது. அதன் தமிழ்ப் பெயரோ நாவைவிட்டு நழுவுகிறது. அஞ்சறைப் பெட்டியைத் திறக்குந்தோறும் அப்பெயர்களையும் நம் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவோமாக.